கேள்விக்காரி நீலாவதி

ஆண்களுக்கு ஆத்திரம் மூட்டி அதற்குச் சம்பளமும் வாங்கிய பெண் மலேசியாவில் எங்கள் மம்பாவ் பக்கத்தில் நீலாவதி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் அதைச் செய்கிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு, அது வேறு கதை. இவளுக்கு அதுதான் உத்தியோகம்.

சிரம்பானில் ஒரு சின்னக் கம்பெனி. கட்டுமான வேலைக்கென்று கணினியில் ஒரு மண்டையைச் செய்துகொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களிடம் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் சொல்வார்கள், ஆபீசுக்குள் எல்லாருக்கும் அது மண்டைதான். பலகை அடிக்கிறவர், கம்பி கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர் என்று காலமெல்லாம் சைட்டில் வெந்தவர்களின் தலைக்குள் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். 'இப்படி இருந்தால் இதைச் செய், அப்படி இருந்தால் கிட்டே போகாதே' என்று விதி விதியாக்கி மண்டைக்குள் போட வேண்டும். அப்புறம் நேற்று வேலைக்கு வந்த சூப்பர்வைசர்கூட டேப்லெட்டைத் தட்டிப் பார்த்து வேலை வாங்கலாம். தலைக்குள் இருப்பதை வெளியே எடுக்கிற வேலை நீலாவதியுடையது. சைட்டுகளில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர்.

அனுபவம் உள்ளவனிடம் போய்ப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. 'அது கைப்பழக்கம்மா' என்பான். இல்லாவிட்டால் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்பிக்கிற பாடத்தை உங்களிடமும் ஒப்பிப்பான். நீலாவதி கேட்கவே மாட்டாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி எதையாவது சொல்வாள். "மழை பேஞ்ச மறுநாளே பள்ளத்துக்குள்ள ஆள எறக்கலாம், இல்லண்ணே?" என்று காலை ஆட்டிக்கொண்டே சொல்வாள். அவ்வளவுதான், மனுஷன் எகிறிக் குதிப்பான். எவன் சொன்னான், எந்த மடையன் சொன்னான் என்று கத்த ஆரம்பித்தால், மண் எப்படிச் சரியும், எந்த நிறத்தில் ஈரம் இருந்தால் ஓட வேண்டும், எந்த ஊரில் எவன் புதைந்து செத்தான் என்பது வரை கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். அவள் போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். எது சரி, எது தப்பு என்று நீலாவதிக்கே தெரியாது. அவள் படித்தது கணினி, கட்டடம் இல்லை. இருக்கிற இரண்டு வழியில் ஏதாவது ஒன்றை எடுத்து வீசுவாள். எதிராளி கத்தினால் அது தப்பு, மற்றது சரி. கத்தாவிட்டால் வீசியதே சரி. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. வலித்திருக்கிறது, அது உண்மை. நெற்றியில் இருக்கிற தழும்பு ஒரு கொத்தனார் வீசிய ரசமட்டம் பட்டது. போர்டிக்சனில் ஒரு கிரேன்காரன் இரும்புச் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வாசல் கேட் வரை துரத்தியிருக்கிறான். கேட்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கியபடி, அவன் கத்தியதெல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று போனைக் காதில் வைத்துப் பார்த்தவள் அவள்.

இந்த வித்தையை அவள் எந்தக் காலேஜிலும் கற்கவில்லை. புக்கிட் கெலாடி ரப்பர்த் தோட்டத்தில், அப்பா அமிர்தலிங்கத்தின் பெல்ட்டுக்குக் கீழே கற்றாள். தோட்டத்து டிராக்டர் ஓட்டிய அமிர்தலிங்கத்துக்குக் கேள்வி பிடிக்காது. கேட்டால் அறை விழும். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள், அறை விழுந்தது. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா செத்துப் போயிட்டாங்களாம், பால்கொட்டாயில பேசிக்கிறாங்க" என்றாள். அமிர்தலிங்கம் தட்டை எட்டி உதைத்தார். "எந்த நாயி சொன்னது? அவ போர்டிக்சன்ல அவ அண்ணன் வீட்டுல குந்தி தின்னுக்கிட்டிருக்கா!" என்று கத்திக்கொண்டே பெல்ட்டை உருவினார். முதுகெல்லாம் வரிவரியாக ரத்தம் கட்டியது, ஆனால் அம்மா இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. உண்மை என்பது ஆண்பிள்ளைக்குக் கோபம் வரும்போது கூடவே வெளியே வருகிற பொருள் என்று அந்தப் பிள்ளை அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டது.

அம்மா திரும்பி வரவில்லை. தம்பி ஹேமநாதனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அப்பாவின் பெல்ட் வரும்போது கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வளர்த்தது நீலாவதிதான். தோட்டம் மூடி, லயத்து வீடுகளை இடித்து, அவர்கள் மம்பாவில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்த பிறகும், அப்பா செத்த பிறகும் அப்படித்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "ஒரு ஆம்பளைய வளத்ததே போதும்" என்று சிரிப்பாள். அந்த ஒருவன் மேல் அவளுக்கு இருந்தது பாசம் என்று சொன்னால் போதாது. அவன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அவளுக்கு ஊரையே கொளுத்த வேண்டும் போலிருக்கும்.

அந்த ஹேமநாதனின் இடது கண்ணைத்தான் திருச்செல்வம் பறித்தார்.

திருச்செல்வம் பலகை அடிக்கிற கூட்டத்துக்குத் தலைவர். சைட்டில் எல்லாரும் கெப்பாலா என்பார்கள். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அதைத் தாங்கப் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், இறுகின பிறகு அந்த முட்டுகளை உருவுவதும் அவர் வேலை. வேலையில் புலி. வாயும் கையும் அதைவிடப் பெரிய புலி. அவருடைய கோபத்துக்குப் படிகள் இருந்தன, அந்தக் கூட்டத்துக்கு அது அத்துப்படி. அம்மாவை இழுத்துத் திட்டினால் வேலை சரியில்லை என்று அர்த்தம். கையில் இருப்பதை வீசினால் ஆபத்து வருகிறது என்று அர்த்தம். ஓடி வந்து அடித்தால், அந்த இடத்தில் நின்றிருந்தால் செத்திருப்பாய் என்று அர்த்தம். அடி வாங்கியவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போவான். இது ஒரு பிழைப்பா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் பிழைத்தார்கள்.

போன வருஷம் ஹேமநாதன் ஒரு முட்டுக்கு ஆப்பை இறுக்காமல் விட்டுவிட்டான். கெப்பாலா மேலிருந்து சுத்தியலை வீசினார். காலடியில் விழ வேண்டியது, அவன் நிமிர்ந்த நேரம் பார்த்து வந்தது. ஆணி பிடுங்குகிற பல் கண்ணுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில், ஏணியிலிருந்து விழுந்தேன் என்று ஹேமநாதன் சொன்னான். அக்காவிடமும் அதையேதான் சொன்னான். நீலாவதி அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, "ஆமா, நீ குடிச்சிட்டு ஏறினியாம்" என்றாள். ஒற்றைக் கண்ணால் அவளை முறைத்து, "யாரு குடிச்சா? கெப்பாலா சுத்தியல வீசினாரு!" என்று கத்திவிட்டு, அப்புறம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதைவிட அவளை எரித்தது வேறு. புண் ஆறியதும் அவன் மறுபடி அதே கூட்டத்தில் வேலைக்குப் போனான்.

"அவரு மாதிரி வேல தெரிஞ்சவரு நெகிரி மாநிலத்துலயே கிடையாதுக்கா. வேணும்னு செய்யல லா. ஆஸ்பத்திரில வந்து என் கால புடிச்சிக்கிட்டு அழுதாரு, தெரியுமா?"

"உன் கண்ணு திரும்ப வந்திச்சா?"

அவன் மோட்டார் சைக்கிளை முடுக்கினான். தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்பி ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவனால் கிளம்ப முடிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நீலாவதி மனசுக்குள் திருச்செல்வத்தைக் கொன்றாள்.

அந்த ஆளிடமே போய் உட்கார வேண்டிய நாள் வந்தது. செண்டாயானில் பழைய புக்கிட் கெலாடி மண்ணிலேயே வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே, தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற பெரிய பால்கனி. அவ்வளவு நீளத்துக்கு முட்டுக் கொடுத்து எடுக்கத் தெரிந்தவர் திருச்செல்வம் ஒருவர்தான். மண்டைக்குள் மற்றதெல்லாம் போட்டாகிவிட்டது. பால்கனி முட்டை எந்தப் பக்கத்திலிருந்து உருவ ஆரம்பிப்பது என்ற ஒரே விஷயம்தான் மிச்சம். "திருச்செல்வத்துக்கிட்ட வாங்கிட்டு வந்திடு நீலா" என்று முதலாளி சொன்னார். அவள் மறுக்கவில்லை. அவளுக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் அவர் மஞ்சள் சட்டையும் கழுத்தில் மணிமாலையுமாக உட்கார்ந்திருந்தார். தோட்டம் போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் போகவில்லை. அந்த வருஷத் தீமிதிக்கு அவர் மாலை போட்டிருந்தார். ஒரு மண்டலம் குரல் உயர்த்துவதில்லை, கை ஓங்குவதில்லை என்று ஹேமநாதனின் கண்ணை நினைத்து ஆத்தா முன்னால் சத்தியம் செய்திருந்தார். ஊர் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"வாங்கம்மா" என்று எழுந்து நின்றார்.

அந்த 'ம்மா'வைக் கேட்டதும் நீலாவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. என் தம்பியின் கண்ணைத் தோண்டிவிட்டு மாலை போட்டுக்கொண்டால் சாமியாராகிவிடுவாயா என்று இருந்தது. வழக்கமாக வேலைக்காகக் கோபமூட்டுகிறவள், அன்றைக்கு அந்த மாலையை அறுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று உட்கார்ந்தாள்.

"போன மாசம் பக்கத்து சைட்ல ஒரு பய உங்களவிட வேகமா பலகை அடிக்கிறானாம். உங்களுக்குக் கை தளந்திடுச்சின்னு பேசிக்கிறாங்க."

"இருக்கும்மா."

"உங்க ஆளுங்க உங்களுக்குப் பயந்துதான் நிக்கிறாங்களாம். வேலைக்காக இல்லயாம்."

"இருக்கும்மா."

"கண்ணு இருக்கிறவன் எவனும் உங்ககிட்ட நிக்க மாட்டான். அதான் கண்ணில்லாதவன் நிக்கிறான்."

திருச்செல்வத்தின் கையில் ஒரு நீள ஆணி இருந்தது. விரல்கள் அதன் மேல் இறுகின. கண்ணை மூடிக்கொண்டார். கைக்குள்ளிருந்து ஒரு கோடு ரத்தம் மணிக்கட்டு வழியாக இறங்கி மஞ்சள் சட்டையில் சொட்டியது. நீலாவதி அதைப் பார்த்தாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு அது இனித்தது. இன்னும் ஒரு தட்டு, உடைந்துவிடுவான் என்று நினைத்தாள். அந்தத் தட்டுக்குத்தான் பால்கனியை எடுத்தாள்.

"பால்கனி முட்டு எடுக்கிறது ஒரு வித்தையா? சுவத்துப் பக்கமிருந்து ஆரம்பிச்சு வெளிய நுனிக்கு வந்துகிட்டே எடுத்தா முடிஞ்சிது. இதுக்கு ஒரு கெப்பாலா வேணுமா?"

பழைய திருச்செல்வமாக இருந்தால் கொட்டகைத் தகரம் அதிர்ந்திருக்கும். ஏனென்றால் அதைவிடப் பெரிய தப்பு அந்தத் தொழிலில் கிடையாது. பால்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிற பொருள். வெளி நுனியிலிருந்து முட்டை உருவிக்கொண்டு சுவரை நோக்கி வந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் பிடிக்குப் பழகிக்கொள்ளும். சுவர்ப் பக்கத்து முட்டுகளை முதலில் உருவிவிட்டு நுனியை முட்டில் நிறுத்தினால், கம்பி இல்லாத அடிவயிறு பாரத்தை வாங்கிப் பிளக்கும். அப்புறம் நுனி முட்டையும் தட்டினால் மொத்தமும் கீழே வந்துவிடும். இது திருச்செல்வத்தின் எலும்பில் எழுதியிருந்தது.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள்ளிருந்து என்ன வரும் என்று அவருக்கே தெரியும். வசவு வரும், அதன் பின்னால் கை வரும். எதிரில் உட்கார்ந்திருப்பது அந்தப் பையனின் அக்கா. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள், இது ஆத்தா உனக்குக் கொடுக்கிற தண்டனை என்று தோன்றியது. படித்த பெண், எங்கேயாவது சரிபார்த்துத்தானே போடுவாள் என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார்.

நீலாவதிக்கு ஏமாற்றமாக இருந்தது. சந்தேகம் வரவில்லையா என்றால், வந்தது. அவள் அதை எடைபோட்டும் பார்த்தாள். ஒரு ஆப்புக்காகக் கண்ணைத் தோண்டியவன், இது தப்பாக இருந்தால் சாமியாவது சத்தியமாவது, எகிறியிருப்பான். கத்தவில்லை, ஆகையால் சரி. சுவரிலிருந்து நுனிக்கு என்று மண்டைக்குள் போட்டாள். ஆபீஸ் எஞ்சினியர் சுகுமாறன் சரிபார்க்க வேண்டியவன். "திருச்செல்வமே ஓகே சொன்னாரா? அப்பறம் நான் யாரு லா" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். அந்தப் பெயர் மேல் அவ்வளவு பயம். ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்க வேண்டிய மூன்று பேரும் கேட்கவில்லை. ஹேமநாதனின் உயிர் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டது.

தீமிதிக்கு முந்தின வாரம், செண்டாயானில் மண்டைக்கு வெள்ளோட்டம். அதற்குள் கெப்பாலாவின் கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டிருந்தது. அவர் திட்டுவதில்லை, வீசுவதில்லை. எதைப் பார்த்தாலும் "பாத்துப்பா, பாத்து" என்றார். சாரம் ஆடினாலும் அதே குரல், டீ சிந்தினாலும் அதே குரல். எது ஆபத்து, எது இல்லை என்று ஆட்களுக்குப் பிடிபடவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள். "கெப்பாலா இப்ப டீச்சர் மாதிரி ஆயிட்டாரு" என்று ஒருவனுக்கொருவன் கண்ணடித்துக்கொண்டார்கள்.

அன்று காலை வெயில் சுள்ளென்று இருந்தது. கடைசி வரிசை வீட்டு வாசலில் முதலாளி, வீடு கட்டுகிற கம்பெனி ஆட்கள், டேப்லெட்டோடு நீலாவதி. செம்பனை மரங்களுக்கு அப்பால் கோயிலில் உறுமி பழகிக்கொண்டிருந்தார்கள். பால்கனிக்குக் கீழே முட்டுகளுக்கு நடுவே ஹேமநாதன், கையில் சுத்தியல். அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவள் செய்த பொருள் வேலை செய்வதைப் பார்க்க அவனுக்குத்தான் எல்லாரையும்விட ஆசை. தானே கேட்டு வாங்கிக்கொண்டு முட்டு உருவ வந்திருந்தான்.

"சொல்லுக்கா. உன் மண்ட என்ன சொல்லுது?"

"சுவத்துப் பக்க வரிசைய முதல்ல எடு."

சுத்தியல் அடி விழுந்தது. முதல் வரிசை முட்டுகள் சாய்ந்து விழுந்தன. அப்போதுதான் பின்பக்க வீட்டிலிருந்த திருச்செல்வம் சத்தம் கேட்டு வந்தார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, அப்படி வேணாம்மா" என்றார், மெதுவாக.

"அன்னைக்குச் சரின்னு சொன்னீங்க. என் போன்ல இருக்கு. இன்னைக்கு வேணாமா?"

"வேணாம்மா. தம்பிய வெளிய வரச் சொல்லுங்கம்மா."

குரலில் ஒரு அழுத்தமும் இல்லை. டீ சிந்துகிறது பாத்துப்பா என்கிற அதே குரல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்டை வந்தால் கெப்பாலாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் என்று ஒருவன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. நீலாவதிக்கும் அப்படித்தான் பட்டது. கூடவே இன்னொன்றும் பட்டது. இத்தனை பேர் முன்னால், கண்ணை இழந்தவன் முன்னாலேயே, இந்த ஆளின் சத்தியத்தை உடைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"உண்மையிலேயே ஆபத்துன்னா நீங்க இப்படியா பேசுவீங்க? கத்துங்க. பழைய திருச்செல்வமா ஒரே ஒரு தடவ கத்துங்க, நிறுத்துறேன்."

திருச்செல்வம் அவளைக் கும்பிட்டார். கழுத்து நரம்பு புடைத்து மாலை மணிகள் மேலே ஏறி இறங்கின. ஒரு சத்தமும் வரவில்லை. அதற்குள் இரண்டாவது வரிசையும் சாய்ந்தது. பலகைக்கு மேலே எங்கேயோ ஒரு கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் தூசி இறங்கியது. ஹேமநாதன் தும்மிவிட்டு நுனி முட்டுக்கு நகர்ந்தான்.

திருச்செல்வம் அவளை விட்டுவிட்டுப் பால்கனிப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். வா, வெளியே வா என்று காற்றை அள்ளி அள்ளி வீசினார். ஹேமநாதன் திரும்பவில்லை. அவர் நின்றது அவனுடைய இடது பக்கம். அந்தப் பக்கத்துக்கு அவனிடம் கண் இல்லை, அதைப் பறித்தவரே அங்கே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதை நீலாவதி பார்த்தாள். பார்த்த கணத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கத்தாததால் சரி என்று போட்ட கணக்கு பிசகிவிட்டது. ஓடினாள்.

அப்போது திருச்செல்வம் கத்தினார். "டேய் தேவடியா மவனே, வெளிய வாடா!" மாலை போட்ட நாளிலிருந்து அடக்கி வைத்த குரல் மொத்தமும் அதில் இருந்தது. கோயிலில் உறுமி நின்றது. அந்தக் குரல் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஹேமநாதனுக்கும் தெரியும். சுத்தியலைப் போட்டான், திரும்பினான். ஆனால் சுத்தியல் ஏற்கெனவே நுனி முட்டை அடித்துவிட்டிருந்தது.

பால்கனி மடிந்து வந்தது. முதலில் சுவரோரம் வாய் பிளந்தது, பிறகு முழுக் கனமும் ஒரே தட்டில் இறங்கியது. மிச்சமிருந்த முட்டுகள் பட்பட்டென்று தெறித்தன, ஒன்று பறந்து வந்து முதலாளியின் காரை உடைத்தது. தரை நடுங்கியது. திருச்செல்வத்தின் விரல்கள் ஹேமநாதனின் சட்டைக் காலரைத் தொட்டிருந்தன என்று பிறகு சொன்னார்கள். கையோடு வந்தது காலர் மட்டும்தான்.

தூசி அடங்கியபோது, கொங்கிரீட் விளிம்புக்குக் கீழே ஒரு கை தெரிந்தது, முழங்கை வரைக்கும். நீலாவதி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே, "வாடா, வெளிய வாடா, அக்கா சொல்றேன் வாடா" என்றாள். பக்கத்தில் திருச்செல்வம் வெறுங்கையால் கல்லைத் தோண்டினார். நகங்கள் பெயர்ந்து வந்தன, மாலை அறுந்து மணிகள் ரத்தத்தில் உருண்டன. யார் வந்து இழுத்தாலும் உதறிவிட்டு அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டே தோண்டினார். தன்னை, கல்லை, ஆத்தாளை, எல்லாரையும் திட்டினார். கிரேன் வந்து தூக்குவதற்குள் நீலாவதியின் கைக்குள் இருந்த கை குளிர்ந்துவிட்டது.

போலீஸ் வந்தது, சைட்டுக்குப் பூட்டுப் போட்டது. முதலாளி போனை அணைத்துவிட்டார். மண்டையையும் அணைத்துவிட்டார்கள். இதெல்லாம் நீலாவதிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து ஒரு துணிப்பொட்டலமாகக் கொடுத்த தம்பியோடு மம்பாவ் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், முணுமுணுக்கிற சனம். முகத்தைத் திறந்து காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் திருச்செல்வம் வந்தார். மாலை இல்லை, மஞ்சள் சட்டை இல்லை. இரண்டு கையிலும் கட்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் நீலாவதி அவர் மேல் பாய்ந்தாள்.

முதலில் கையால் அடித்தாள். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கி அடித்தாள். அது உடைந்ததும், உடைந்த காலை எடுத்து முகத்திலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. யாரும் தடுக்கவில்லை. சிலர் அடிக்கட்டும் என்றே நின்றார்கள். திருச்செல்வம் கட்டுப் போட்ட கைகளைத் தொங்கவிட்டபடி, விழாமல் இருக்கக் காலை மட்டும் அகட்டி வைத்துக்கொண்டு வாங்கினார்.

"கத்துடா! இப்பவாச்சும் கத்துடா! சாமிக்கு வாய மூடிக்கிட்டு என் தம்பியக் கொன்னுட்டியேடா! அன்னைக்கு ஏன்டா சரின்னு சொன்ன?"

அவர் ஏதோ சொன்னார். அவளுடைய மூச்சு இரைப்பில் அது கேட்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் மறுபடி சொன்னார், அதே மெதுவான குரலில். மூன்றாம் தடவை சொன்னபோதுதான் அவள் கை நடுவில் நின்றது.

"நுனியிலேர்ந்து சுவத்துக்கு வரணும்மா. நுனியிலேர்ந்து."

அவள் அவரையே பார்த்தாள். அவ்வளவுதான் விஷயம். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற விஷயம். கத்தாமல், வீசாமல், ரத்தம் வராமல் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து உண்மை வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இத ஏன் அன்னைக்குச் சொல்லல?" என்றாள். இப்போது அவள் குரலும் இறங்கியிருந்தது.

ரத்தம் வழிகிற கண்ணைத் துடைக்காமல் திருச்செல்வம் நின்றார்.

"நீங்க கேக்கவே இல்லியேம்மா" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நாற்காலிக் கால் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளேயிருந்து, எடுக்கிற நேரமாகிவிட்டது, அக்காக்காரியைக் கடைசியாக வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.